மழை பெய்தால் உப்பு கூடும் பள்ளம்: தோல் தொழிற்சாலையை ஒட்டிய ஆற்று நீர் ஆய்வு, ஒரு நிகழ்வுப் பதிவு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் காவிரியின் வலது கரையில் வந்து சேரும் ஒரு பள்ளம் பற்றியது இந்தப் பதிவு. கொங்குப் பகுதியில் ஓடையைப் பள்ளம் என்றே சொல்வார்கள். ஊர், தொழிற்சாலை, ஆட்கள் யாருடைய பெயரும் இங்கே சொல்லப்படவில்லை.

பள்ளத்தின் மேற்பகுதியில் ஊர்ச் சாக்கடையும் சில சாயப்பட்டறைகளின் கசிவும் கலக்கின்றன. ஆற்றுக்கு ஏறத்தாழ 700 மீட்டர் முன்பாக, பள்ளத்தின் கரையை ஒட்டியே பழைய தோல் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. பள்ளம் ஆற்றில் விழும் இடத்திலிருந்து 150 மீட்டர் கீழே, அதே கரையில், ஒரு நீரேற்றுப் பாசன சங்கத்தின் மோட்டார் அறை. அங்கிருந்து பைப்லைன் வழியாகப் போகும் ஆற்றுத் தண்ணீரில் மஞ்சளும் வாழையும் விளைகின்றன.

சங்கத்தார் சொன்ன புகார்கள் மூன்று. மஞ்சள் இலை நுனியிலிருந்து கருகுகிறது. பள்ளத்தோரக் கிணறுகள் உப்பாகிவிட்டன. பள்ளத்தின் கடைசி மடுவில் அவ்வப்போது விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது. மூன்றுக்கும் காரணம் தோல் தொழிற்சாலைதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தச் சந்தேகமின்மைக்கு வரலாறும் உண்டு. கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை ஆறு, ஓடை போன்ற நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிதாக அமைக்கக் கூடாது என்று தமிழக அரசு 1989இல் அரசாணை 213ஐ வெளியிட்டது. இந்தத் தொழிற்சாலை அதற்கு முந்தையது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் பெயர் வந்த ஐந்து மாவட்டங்களில் அன்றைய ஈரோடு பெரியார் மாவட்டமும் ஒன்று. சுத்திகரிப்பு நிலையம் கட்டாயமாவதற்கு முன்பு கழிவு எங்கே போனது என்பதைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அன்று நடந்ததை வைத்து இன்று நடப்பதை நிரூபிக்க முடியாது. இந்த ஆய்வின் சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

முதல் மாதிரி ஏன் வீணானது

சங்கத்தார் தாங்களாகவே ஒரு மாதிரி எடுத்திருந்தார்கள். காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில், மழையில்லாத ஒரு நாள் நண்பகலில், பள்ளம் ஆற்றில் விழும் இடத்தின் நடுவில் மொண்ட தண்ணீர் அது. மூன்று நாள் வீட்டில் இருந்தபின் ஒரு ஆய்வகத்தில் கொடுத்து, “குரோமியம் மட்டும் பாருங்க” என்று கேட்டிருந்தார்கள். “கண்டறியும் அளவுக்குக் கீழ்” என்று முடிவு வந்தது. அதன் நகல் தொழிற்சாலை நிர்வாகத்தின் கைக்குப் போனது. பிறகு யார் புகார் சொன்னாலும் அந்தத் தாளே பதிலாக வந்தது.

அந்த மாதிரியில் தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். பிஎச், அதாவது அமில காரத்தன்மை அளவு, 7க்கு மேல் உள்ள ஆற்று நீரில் அது கரைந்து நிற்காது, ஹைட்ராக்சைடாகப் படிந்து வண்டலோடு போய்விடும். தண்ணீரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மிச்சமீதி இருப்பதும், நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவராவிட்டால், பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலைக்கு மேலே எடுத்த மாதிரி எதுவும் இல்லாததால் எதோடும் ஒப்பிட முடியாது. எடுத்த நேரமும் தவறு. இந்தக் கடைசித் தவறுதான் பெரியது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதன்பின் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர், சங்கத்தார் ஐவர் என ஒரு குழு அமைந்தது.

எதைத் தேடுவது

தோல் கழிவு என்பது ஒரே கழிவு அல்ல. கட்டத்துக்குக் கட்டம் தண்ணீர் மாறும். எந்தக் கட்டத்துத் தண்ணீர் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடையாளப் பொருளும் மாறும்.

உரித்த தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தடவி அடுக்குவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை தோலை ஊறவைப்பது. இந்த ஊறல் நீரில் உப்போடு இரத்தம், சாணம், அழுக்கு எல்லாம் இருக்கும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 35,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். அடுத்தது முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கும் கட்டம். இந்தத் தண்ணீர் பால்போல் வெளுத்து, பிஎச் 12ஐ ஒட்டி, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். சுண்ணாம்பை எடுக்கும் கட்டத்தில் அம்மோனியா. பிறகு உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த ஊறுகாய்க் கட்டம். அதன்பின் டிரம்மில் காரக் குரோமியம் சல்பேட். வழக்கமான முறையில் தோல் இதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பிடித்துக்கொள்ளும், மிச்சம் நீலப்பச்சைத் தண்ணீராக வெளியேறும்.

ஆகவே குரோமியம் இல்லை என்றால் குரோம் டிரம் தண்ணீர் வரவில்லை என்று மட்டுமே பொருள். ஊறல் நீர் வருகிறதா என்பதற்கு அது பதில் அல்ல. ஊறல் நீரின் அடையாளம் குளோரைடு. அது படியாது, ஆவியாகாது, நுண்ணுயிர் தின்று தீர்க்காது. போன வழியெல்லாம் அப்படியே இருக்கும். களத்தில் அதைத் துரத்த ஒரு கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர், அதாவது ஈசி மீட்டர், போதும். தண்ணீரில் உப்புக் கூடக் கூட அதன் எண்ணும் ஏறும், அதன் அலகு மைக்ரோசீமன்ஸ்.

தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளில் உப்புச் செறிந்த ஊறல் நீரைத் தனியே பிரித்து, சூரிய ஆவியாக்கத் தொட்டிகளில் காயவிடுவது வழக்கம். மற்றக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்கும், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவுக்கும் போகும். இந்தத் தொழிற்சாலையிலும் அதே ஏற்பாடு என்பதை, இயக்க ஒப்புதல் ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பார்த்துக் குழு உறுதிசெய்துகொண்டது. சுத்திகரித்த நீரும் வெளியே விடப்படக் கூடாது என்பது அதில் இருந்த நிபந்தனை. அதாவது சட்டப்படி பள்ளத்துக்குக் கழிவுநீர்க் குழாயே கிடையாது.

மாதிரி இடங்கள்

ஐந்து இடங்கள் முடிவாயின. தொழிற்சாலைக்கு 100 மீட்டர் மேலே பள்ளத்தில் முதல் இடம். சாக்கடையும் சாயப்பட்டறைக் கசிவும் இதற்கு மேலேயே கலந்துவிடுவதால் அவற்றின் பங்கு முழுவதும் இந்த எண்ணிலேயே அடங்கிவிடும். தொழிற்சாலைக்கு 150 மீட்டர் கீழே இரண்டாவது. பள்ளம் சேருவதற்கு முன் ஆற்றில் மூன்றாவது, மோட்டார் அறை எதிரே நான்காவது, ஒரு கிலோமீட்டர் கீழே ஐந்தாவது.

நான்காம் இடத்தில் ஒரு மாதிரி போதாது. பள்ளத்துத் தண்ணீர் ஆற்றில் விழுந்ததும் முழுதும் கலந்துவிடும் என்று நினைப்பது தவறு. அது கரையைத் தடவியபடியே வெகுதூரம் போகும். பரிசலில் போய்க் கரையிலிருந்து 2, 5, 10, 15, 30 மீட்டரில் ஈசி அளந்தார்கள். வறண்ட நாளில் 2 மீட்டரில் 610, 15 மீட்டரில் 460 மைக்ரோசீமன்ஸ். மேலே மூன்றாம் இடத்தில் 450. மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையான ஃபுட்வால்வு கிடந்ததோ கரையிலிருந்து 3 மீட்டரில்.

மீட்டரை ஒவ்வொரு நாளும் 1413 மைக்ரோசீமன்ஸ் தரக்கரைசலில் சரிபார்த்தபின்தான் அளந்தார்கள். குளோரைடுக்கு வெறும் பாலித்தீன் பாட்டில் போதும். உலோகத்துக்கு அமிலம் கழுவிய பாட்டிலும் நைட்ரிக் அமிலமும் வேண்டும். சிஓடிக்கும் (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அம்மோனியாவுக்கும் கந்தக அமிலம் விட்டு ஐஸ் பெட்டி. பிஓடிக்கு (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன் அளவு) எதுவும் சேர்க்காமல் ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். சல்பைடுக்கு முதலில் துத்தநாக அசிடேட், பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு, பாட்டிலில் காற்று இல்லாமல் நிரப்ப வேண்டும். சல்பைடு இருக்கும் தண்ணீரில் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஆகவே அமிலம் விடும் வேலை எப்போதும் திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று நடந்தது. கரைந்த ஆக்சிஜன், வின்க்ளர் முறை என்ற வேதிச் சோதனைக்காக, அந்த இடத்திலேயே நிலைப்படுத்தப்பட்டது.

பள்ளத்தின் ஓட்டத்தை அளக்க எலுமிச்சம்பழம் பயன்பட்டது. 10 மீட்டர் தூரத்தை அது கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி. மேற்பரப்பு வேகம் எப்போதும் கூடுதலாக இருக்கும் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1.8 மீட்டர், சராசரி ஆழம் 12 செ.மீ., பழத்தின் வேகம் நொடிக்கு 15 செ.மீ. ஆக நொடிக்கு ஏறத்தாழ 27 லிட்டர். ஓட்டம் தெரியாமல் செறிவை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உப்புப் போகிறது என்று பேசவே முடியாது. பல புகார் மனுக்கள் இங்கேதான் ஓட்டையாகின்றன.

மூன்று இரவுகள்

இரவில் கள்ளத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் ஊரார் கருத்து. குழுவும் அப்படியே நம்பியது. மூன்று இரவுகள், மாலை 6 முதல் காலை 6 வரை, மணிக்கு ஒருமுறை முதல் இரண்டு இடங்களிலும் ஈசி அளந்தார்கள். முந்தைய அளவை விட 10 சதவீதம் கூடினால் மட்டும் பாட்டில் நிரப்ப வேண்டும் என்பது விதி. ஒரு பாட்டிலும் நிரம்பவில்லை.

ஈசி தொழிற்சாலைக்கு மேலே 1,650, கீழே 1,780. இந்த 130 வித்தியாசம் இரவும் பகலும் மாறவே இல்லை. திறந்துவிடும் தண்ணீர் இப்படி நடந்துகொள்ளாது, மேடும் பள்ளமுமாக வரும். இது கசிவின் கையெழுத்து. வறண்ட நாள் மாதிரிகளில் குளோரைடு மேலே 310, கீழே 350 மி.கி./லி. வித்தியாசம் சிறியது என்பதால் மூன்று முறை திரும்ப டைட்ரேட் செய்து பார்த்தார்கள். 40 மில்லிகிராமை 27 லிட்டரால் பெருக்கி, நொடிக்கு மில்லிகிராமை நாளுக்குக் கிலோவாக மாற்ற 0.0864ஆல் பெருக்கினால், நாளுக்கு 93 கிலோ குளோரைடு. உப்பாகச் சொன்னால் 1.65 மடங்கு, ஏறத்தாழ 150 கிலோ. கிணறுகள் ஏன் உப்பாயின என்பதற்கு இது ஒரு தடயம்தான். ஆனால் மஞ்சள் கருகுவதற்கு இது போதாது. ஆற்றில் கலந்தபின் கரையோர அளவான 610 பாசனத்துக்குக் கவலைப்படும் எண்ணே அல்ல.

குழுவில் சிலர் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஏனுங்க சார், மழை உட்ட அடுத்த நாளு பாச்சுற தண்ணிதானுங்க பயிரக் கெடுக்குது.” மழை பெய்தால் தண்ணீர் நீர்த்துப் போகும், உப்புக் குறையும் என்பது பாடப்புத்தக அறிவு. அதனால் அவர் பேச்சை முதல் கூட்டக் குறிப்பில்கூட எழுதவில்லை.

மழைக்குப் பின்

ஐப்பசியில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் நல்ல மழை. பெரியவரின் வற்புறுத்தலால் மீட்டரோடு போய்ப் பார்த்தார்கள். தொழிற்சாலைக்கு மேலே ஈசி எதிர்பார்த்தபடியே 900க்கு இறங்கியிருந்தது. கீழே 1,780 இருந்த இடத்தில் 3,400.

அடுத்த மழைக்குத் தயாராகக் காத்திருந்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு அளவு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கீழே உச்சம் 4,000ஐத் தொட்டது, அதன்பின் ஐந்தாறு மணி நேரத்தில் மெதுவாக இறங்கியது. உச்சத்தில் ஓட்டம் நொடிக்கு 110 லிட்டர். குளோரைடு மேலே 150, கீழே 1,150. வித்தியாசம் 1,000 மில்லிகிராம். நொடிக்கு 110 கிராம் குளோரைடு, மணிக்கு ஏறத்தாழ 650 கிலோ உப்பு. வறண்ட நாளில் நான்கு நாளில் போவது மழையில் ஒரு மணி நேரத்தில் போகிறது.

மழை நிற்கும் தறுவாயில், கீழிருந்து மேலாக, தொழிற்சாலைப் பக்கக் கரையை ஒட்டி 20 மீட்டருக்கு ஒருமுறை மீட்டரை முக்கிக்கொண்டே நடந்தார்கள். எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சட்டென்று விழுந்தது. ஏறிய கடைசி இடத்துக்கும் விழுந்த முதல் இடத்துக்கும் நடுவில், மதில் சுவரிலிருந்து ஒரு 6 அங்குலக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கழிவுநீர்க் குழாய் அல்ல. ஒப்புதல் ஆணையோடு இணைந்த வரைபடத்திலேயே குறித்திருந்த மழைநீர் வடிகால். அதிலிருந்து வந்த தண்ணீரின் ஈசி 31,000.

குழாய்த் தண்ணீரின் சிஓடியை ஆய்வகம் முதலில் மிக அதிகமாகக் கொடுத்தது. குளோரைடு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் அதை அடக்க மெர்குரிக் சல்பேட் சேர்த்தாலும் அந்தச் சோதனை பொய் சொல்லும், குளோரைடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்பச் செய்யச் சொன்னபின் எண் பாதிக்கும் கீழே வந்தது. முதல் எண்ணை வைத்து யாராவது மனு எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதை உடைத்திருக்கும்.

சாயப்பட்டறையும் உப்புப் பயன்படுத்தும் தொழில்தான், ஆகவே அந்தக் கேள்விக்கும் பதில் தேவைப்பட்டது. சாயப்பட்டறைகள் முதல் இடத்துக்கு மேலே இருப்பது ஒரு பதில். இரண்டாவது, குழாய்த் தண்ணீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள எடை விகிதம் 0.64. இது சாதாரண உப்பின் விகிதம். சல்பேட் குறைவு, சாய நிறம் இல்லை, கரிம நைட்ரஜன் கூடுதல். சாயத்துக்கு இரத்தமும் சாணமும் தேவையில்லை.

வண்டலும் மீனும்

தண்ணீரில் மொத்தக் குரோமியம் எங்கேயும், மழை உச்சத்திலும்கூட, குடிநீர் வரம்பான 0.05 மி.கி./லி. அளவைத் தாண்டவில்லை. வண்டலில் கதை வேறு. வண்டலை ஒப்பிடும்போது 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்த நுண்பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும். மணல் கூடிய இடத்தில் எண் தானாகக் குறையும், களி கூடிய இடத்தில் தானாக ஏறும். மேலே கிலோவுக்கு 58 மி.கி., தொழிற்சாலைக்குக் கீழே மேற்பரப்பில் 210, அதே இடத்தில் 25 செ.மீ. ஆழத்தில் 640.

இந்தப் பகுதியில் வண்டலில் குரோமியம் என்றவுடன் தொழிற்சாலையைக் கைகாட்டிவிடக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் என்ற குரோமியத் தாது இருக்கிறது. பாறை தரும் இயற்கை அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதே பள்ளத்தின் மேல்பகுதி அளவு இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. இங்கே மேல், கீழ் வித்தியாசம் தெளிவு. அதைவிட முக்கியம், ஆழத்தில் கூடுதலாக இருப்பது. அந்தக் குரோமியம் பெரும்பாலும் பழைய காலத்துப் படிவு, இன்றைய கசிவு அல்ல என்று குழு எழுதியது. இந்த வரி சங்கத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. நீக்கச் சொன்னார்கள், நீக்கவில்லை.

மீன் சாவுக்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. மடுவில் விடியற்காலை 5 மணிக்கு ஆக்சிஜன் 0.8 மி.கி./லி., மாலை 4 மணிக்கு 11. தண்ணீர் பச்சையாக இருந்தது. சாக்கடைச் சத்தில் பாசி பெருகி, பகலில் ஆக்சிஜனை வெளியிட்டு, இரவில் அதையே தின்றுவிடுகிறது. அம்மோனியாவும் பிஓடியும் தொழிற்சாலைக்கு மேலேயே அதே அளவில் இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு விவசாயிகளுக்கானது. மழை பெய்து 12 மணி நேரத்துக்கு மோட்டார் போட வேண்டாம், ஃபுட்வால்வை 3 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குத் தள்ளிப் போடலாம். மழை உச்சத்தில் 3 மீட்டரில் ஈசி 1,150, 15 மீட்டரில் 480. கூடுதல் குழாய், ஒரு மிதவை, நங்கூரக் கல் இவ்வளவுதான் செலவு. யார் குற்றவாளி என்று தீரும்வரை பயிர் காத்திருக்காது.

1,150 என்பது அரசின் பாசன நீர் வரம்பான 2,250ஐ விடக் குறைவுதானே என்று ஒருவர் கேட்டார். வரம்புக்குள் இருப்பதும் மஞ்சளுக்கு ஒத்துப்போவதும் ஒன்றல்ல. மஞ்சள் உப்பைத் தாங்காத பயிர். தெளிப்பு நீராகப் பாய்ச்சினால் குளோரைடு இலையிலேயே நேரடியாகக் காயும். ஆனாலும் இலைப்புள்ளி நோயாலும் மஞ்சள் இலை கருகிக் காயும் என்பதால், கருகல் முழுவதும் உப்பால்தான் என்று குழு அறிக்கையில் எழுதவில்லை.

இரண்டாவது, பத்திரிகைக்குப் போகும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போவது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வாரிய அலுவலர் உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிட்ட மாதிரிதான் நீதிமன்றத்தில் நிற்கும். குழுவின் பாட்டில்கள் சாட்சியம் ஆகாது. அவை செய்யக்கூடியது எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து மொள்ள வேண்டும் என்று சொல்வது. மனுவில் அதுவே முதல் பத்தியாக இருந்தது: இந்தக் குழாய், மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்.

மூன்றாவது, குரோமியத்தைப் புகாரிலிருந்து எடுத்துவிடுவது. அது இருந்தால் விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே போகும், பழைய தாள் திரும்ப மேசைக்கு வரும்.

பின்னர் நடந்தது

வாரிய அலுவலர்கள் இரண்டாவது அழைப்பில், மழையோடே வந்தார்கள். முறைப்படி மாதிரி எடுக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஆவியாக்கத் தொட்டியில் காய்ந்து சுரண்டி எடுத்த உப்பு, பின்பக்கத் திறந்தவெளியில் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது. பல சாக்குகள் மட்கிக் கிழிந்திருந்தன. உதறிய தோலின் உப்பும் அங்கேயே குவிந்திருந்தது. மழைத் தண்ணீர் இவற்றைக் கழுவிக்கொண்டு, அனுமதி பெற்ற மழைநீர்க் குழாய் வழியே வெளியே போனது. ஆவியாக்கத் தொட்டி ஒன்றின் மூலையில் விரிசல். மதிலின் வெளிப்புறத்தில் அதற்கு நேராக வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வறண்ட நாளின் 130 மைக்ரோசீமன்ஸ் அங்கேயிருந்து வந்திருக்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிர்வாகம் இத்தனை நாள் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த உப்பை எங்கே வைப்பது என்பதை அந்த நிலையம் பார்க்காது. இரத்தமும் அழுக்கும் கலந்த உப்பை யாரும் வாங்குவதில்லை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது.

தொழிற்சாலை நான்கு வேலைகளைச் செய்தது. உப்புக்குக் கூரையும் சிமெண்ட் தளமும் சுற்றுத் திண்டும் உள்ள கொட்டகை. விரிசல் தொட்டியைக் காலிசெய்து தளம் பூசி அதன்மேல் எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு. மழைநீர்க் குழாய்க்கு ஷட்டர் போட்டு, மழையின் முதல் அரைமணி நேரத் தண்ணீரைச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்புதல். தோலை ஊறவைக்கும் முன் மரச்சட்டத்தில் உதறி, அந்த உப்பை மூடிய இடத்தில் சேர்த்தல்.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அதே இடங்களில் அளந்தபோது, மழை உச்சத்தில் மேலே 870, கீழே 1,250. வறண்ட நாள் குளோரைடு வித்தியாசம் 40லிருந்து 15க்கு வந்தது. கிணறுகள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பள்ளத்தோரக் கிணறு ஒன்றில் 3,600 இருந்த ஈசி ஓராண்டில் 3,350தான் ஆனது. வண்டலைத் தோண்டி எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் குழு ஆதரிக்கவில்லை. கிளறினால் ஆழத்தில் கிடப்பது மேலே வந்து ஆற்றுக்குப் போகும், தோண்டியதை அபாயக் கழிவாகத்தான் அப்புறப்படுத்த வேண்டும், அதற்கான பொறுப்பை ஏற்க யாரும் முன்வரவில்லை. மீன் மடுவும் அப்படியே இருக்கிறது, சாக்கடை நிற்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இரவுக் காவலுக்கு முன் மழை மாதிரி. கசிவா, திறப்பா, கழுவலா என்பதை வறண்ட நாள் ஒன்றும் மழை நாள் ஒன்றும் சேர்ந்தே காட்டிவிடும். மூன்று இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

பதிவு செய்யும் ஈசி கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக் கீழிடத்தில் கட்டிவிட்டிருக்கலாம். முதல் மழையின் உச்சத்தைக் குழு தவறவிட்டது, 3,400 என்பது இறங்கும் வழியில் பிடித்த எண். பள்ளியின் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தால் இரண்டு மழைகளையும் நியாயமாக ஒப்பிட்டிருக்க முடியும். அடுத்த ஆண்டின் 1,250ஐயும் முந்தைய 4,000த்தையும் நேருக்கு நேர் வைப்பதில் அந்தக் குறை இன்னும் இருக்கிறது. மேலிடத்து அளவு கிட்டத்தட்ட சமமாக இருந்ததால் ஓரளவு ஒப்பிடலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

பாசனம் செய்பவர் சொல்வதை, நாளும் நேரமும் கேட்டு, முதல் கூட்டத்திலேயே எழுத வேண்டும். பெரியவரிடம் மோட்டார் போட்ட நாள்களைக் குறித்த நோட்டு ஒன்று இருந்தது. மழை நாள்களோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக, கொட்டகையின் கொள்ளளவு. அது தீர்வாகக் கட்டப்பட்டபோது, ஆண்டுக்கு எவ்வளவு உப்புச் சேரும், எத்தனை ஆண்டில் நிரம்பும் என்ற கணக்கை யாரும் கேட்டு எழுதி வாங்கவில்லை. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.